பென்னிகுவிக் சொத்தை வித்தாரா?

இன்னைக்கு லீடர்ஷிப் பற்றி ஒரு எபிசோடு. பயப்படாதீங்க, ஸ்லைடு போட்டு நாலு கட்டம் வரைஞ்சு காட்டப் போறதில்லை. நாம் போகப்போவது கம்பம் பள்ளத்தாக்குக்கு.

தேனி புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அதன் பெயராக இருப்பது ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரின் பெயர்: கர்னல் ஜான் பென்னிகுவிக். அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று தாண்டி மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் வந்தால் அவருக்கு மணிமண்டபம்; 2013 ஜனவரியில் திறந்தார்கள். பாலார்பட்டி என்ற ஊரில் ஜனவரி 15 அன்று அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். கடைகளில் காந்தி, காமராஜர் பக்கத்தில் தொப்பியும் மீசையுமாக அவர் படம். பையன்களுக்கு அவர் பெயரை வைத்த குடும்பங்களும் உண்டு. பிரிட்டிஷ்காரன் போய் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட நாட்டில், ஒரு பொதுப்பணித்துறை இன்ஜினியர் குலதெய்வம் மாதிரி ஆகியிருக்கிறார். இது சாதாரண விஷயம் இல்லை.

அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். முல்லைப் பெரியாறு அணை பாதி கட்டியிருக்கும்போது வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனது. அரசாங்கம் இனி காசு கிடையாது என்று கைவிரித்துவிட்டது. பென்னிகுவிக் கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். சொத்தை விற்றார், மனைவியின் நகையை விற்றார். அந்தப் பணத்தோடு திரும்பி வந்து அணையைக் கட்டி முடித்தார்.

கேட்டவுடன் நெஞ்சில் உட்கார்ந்துவிடுகிற கதை. நம்ம தலைமுறைக்கு இது இன்னும் சுலபமாகப் பிடிக்கும். கார் ஷெட்டில் கம்பெனி ஆரம்பித்தவர், வீட்டை அடமானம் வைத்துச் சம்பளம் கொடுத்தவர் என்று வாரத்துக்கு ஒரு கதை போனில் பார்க்கிறோமே, அதே கதைக்கு 19ஆம் நூற்றாண்டு வேஷம்.

ஆனால் இதற்கு ஆதாரம் இருக்கா?

அணை முடிந்தது 1895இல். நாலே வருஷத்தில், 1899இல், அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த ஏ. டி. மக்கென்சி என்ற இன்ஜினியர் பெரியாறு திட்டத்தின் முழு வரலாற்றையும் புத்தகமாக எழுதினார். சென்னை அரசு அச்சகத்து வெளியீடு. எந்த இடத்தில் கல் எடுத்தார்கள், எப்போது காய்ச்சல் வந்தது, எந்தத் தடுப்பு உடைந்தது என்று அவ்வளவு விவரம். அதில் இந்தக் கதை இல்லை. அணையின் செலவு, எந்தக் கணக்கை எடுத்தாலும், அந்தக் காலத்து மதிப்பில் 80 லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு ராணுவ இன்ஜினியரின் வீடும் நகையும் அதில் எத்தனை நாள் வேலைக்குக் காணும்? அரசுத் திட்டத்துக்குள் ஒருத்தர் சொந்தப் பணம் வந்திருந்தால், பைசா பைசாவாகக் கணக்கு எழுதிய அந்த நிர்வாகத்தில் எங்காவது ஒரு வரவு வரி இருந்திருக்க வேண்டும்.

என் முடிவு: வித்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. கம்பத்துக்காரங்க இந்த இடத்தில் எபிசோடை நிறுத்திடாதீங்க. அவர் நிஜமாகச் செய்தது இந்தக் கதையைவிடக் கஷ்டமானது என்பதுதான் என் கட்சி.

கொஞ்சம் பின்னால் போவோம். 1840இல் லண்டனில் தாமஸ் கார்லைல் என்ற எழுத்தாளர் மாவீரர்களைப் பற்றிச் சில சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். உலக வரலாறு என்பதே பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுதான் என்பது அவர் வாதத்தின் சாரம். மேலாண்மைப் படிப்பில் லீடர்ஷிப் பாடத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் வரும் ‘மாமனிதர் கோட்பாடு’ இதுதான். அந்தச் சொற்பொழிவுகள் புத்தகமாக வந்தது 1841இல். அதே 1841 ஜனவரியில்தான் பூனாவில் பென்னிகுவிக் பிறந்தார். ஜாதகம் பார்க்கிறவர்கள் இதில் ஏதாவது கண்டுபிடிக்கலாம், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இனி அணைக்கு வருவோம். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கிற பெரியாற்றை மலைக்கு இந்தப் பக்கம் திருப்பலாம் என்ற யோசனை பென்னிகுவிக்குடையது இல்லை. அவர் பிறப்பதற்கு ஐம்பது வருஷம் முன்னாலேயே, 1789இல், ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பி இது நடக்குமா என்று பார்த்துவரச் சொன்னார். நடக்கும், ஆனால் செலவு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். 1808இல் கேப்டன் கால்டுவெல் பார்த்துவிட்டு, இது வெறும் பகல் கனவு, இனி இதைப் பற்றி யாரும் யோசிக்கவே வேண்டாம் என்கிற மாதிரி அறிக்கை கொடுத்தார். 1850இல் சின்னதாக ஒரு வேலையை ஆரம்பித்தார்கள். காட்டில் காய்ச்சல், இந்தக் கூலிக்கு இங்கே உயிரை விட முடியாது, கூட்டிக் கொடு என்றார்கள் தொழிலாளர்கள். வேலை நின்றது. எனக்கென்னவோ அந்த 1850 கூலிக்காரர்கள் ரொம்ப நியாயமாகப் பேசியிருப்பதாகத்தான் படுகிறது.

1862இல் ரைவ்ஸ் என்ற கேப்டன் மறுபடி ஆய்வைத் தொடங்கினார். ஐந்து வருஷம் கழித்து, 1867இல், மண் அணை ஒன்றுக்குத் திட்டம் கொடுத்தார். அவருக்குப் பின் ஸ்மித் என்பவர் அதைத் திருத்தினார். இளம் அதிகாரி பென்னிகுவிக் உள்ளே வருவது இந்தக் கட்டத்தில்தான். விவாதம், ஆட்சேபணை, மறுபடி விவாதம். நடுவில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மதுரைச் சீமையில் சோற்றுக்கில்லாமல் ஜனம் செத்தது. பஞ்சத்துக்குப் பிறகுதான் ஃபைல் மறுபடி நகர்ந்தது. 1882இல் மேஜர் பென்னிகுவிக்கிடம் திருத்திய திட்டமும் எஸ்டிமேட்டும் தயாரிக்கச் சொன்னார்கள். 1884இல் ஒப்புதல்.

நம்ம தொழிலில் ‘பஸ் ஃபேக்டர்’ என்று ஒரு வார்த்தை உண்டு. டீமில் எத்தனை பேர் நாளைக்கு பஸ்ஸில் அடிபட்டால் புராஜெக்ட் நின்றுபோகும் என்ற கணக்கு. ஒருத்தர் என்றால் ஆபத்து. பஸ் ஸ்டாண்டுக்குப் பெயர் வைத்த ஆளைப் பற்றிப் பேசும்போது இந்த வார்த்தை வருவது தற்செயல்தான், சிரிக்காதீங்க. பெரியாறு திட்டத்தில் ரைவ்ஸ் போனார், ஸ்மித் வந்தார், அவரும் போனார், கவர்னர்கள் மாறினார்கள். திட்டம் சாகவில்லை. ஒருத்தர் எடுத்த அளவையும் வரைபடத்தையும் அடுத்தவர் கையில் வைத்து வேலை பார்க்க முடிந்தது. இருபது வருஷத்துக்கு ஹேண்ட்ஓவர். இரண்டு வருஷம் பழைய கோடைத் திறந்தால் எழுதினவன் யார், ஏன் இப்படி எழுதினான் என்று தலையைப் பிய்த்துக்கொள்கிற நமக்கு இதன் அருமை தெரியும்.

பென்னிகுவிக் அந்தப் பழைய திட்டத்தைக் குப்பையில் போடவில்லை, அப்படியே எடுத்துக்கொள்ளவும் இல்லை. அடிப்படையான ஒரு முடிவை மாற்றினார்: மண் அணை வேண்டாம், கல்லும் காரையும் சேர்ந்த எடை அணை. மண் அணை கட்டும்போது பாதியில் வெள்ளம் மேலே ஏறி ஓடினால் அத்தனையும் கரைந்துபோகும். கல்லணை என்றால் ஏறி ஓடினாலும், கட்டியவரைக்கும் நிற்க வாய்ப்பு உண்டு. எப்போது வெள்ளம் வரும் என்று சொல்லவே முடியாத ஒரு காட்டாற்றில் இதுதான் வித்தியாசம். தோல்வி வரும், வந்தால் எல்லாம் போகாமல் எவ்வளவு மிஞ்சும் என்று முன்னாலேயே யோசித்து எடுத்த முடிவு. வீட்டை விற்கிற வீரத்தைவிட இந்த முடிவை நான் மேலே வைப்பேன். ஆனால் இதை வைத்து வில்லுப்பாட்டு பாட முடியாது, அதுதான் சிக்கல்.

1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம். 999 வருஷம், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். பேச்சுவார்த்தைக்கு மட்டும் இருபது வருஷத்துக்கு மேல். இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. கேரளாவில் இந்த ஒப்பந்தத்துக்கு ஒரு கதை உண்டு: மகாராஜா விசாகம் திருநாள், என் இதயத்து ரத்தத்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று கலங்கிச் சொன்னாராம். அதையும் சரிபார்ப்போம். விசாகம் திருநாள் 1885 ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார். ஒப்பந்தம் நடந்தபோது அரியணையில் இருந்தவர் மூலம் திருநாள். காகிதத்தில் திருவிதாங்கூர் சார்பாகக் கையெழுத்துப் போட்டவர் திவான் ராம அய்யங்கார்.

கவனிச்சீங்களா? மலைக்கு இந்தப் பக்கம் நகையை விற்ற இன்ஜினியர், அந்தப் பக்கம் ரத்தக் கையெழுத்து ராஜா. இரண்டு ஊரும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. திவான்கள், ரெசிடெண்டுகள், கமிட்டிகள், கடிதப் போக்குவரத்து என்று கால் நூற்றாண்டு இழுத்த ஒரு விஷயத்தை ஒரே மனிதனின் தியாகமாகச் சுருக்கிவிட்டன. ஒரு பக்கத்துக்கு நன்றி சொல்ல முகம் வேண்டும், இன்னொரு பக்கத்துக்கு ஏமாற்றப்பட்டோம் என்று சொல்ல முகம் வேண்டும்.

வேலை 1887இல் ஆரம்பம். இடம் எப்படி என்று யோசிச்சுப் பாருங்க. யானைக் காடு. ரோடு கிடையாது. சுண்ணாம்புக்கல் அடிவாரத்தில் குருவனூத்துப் பக்கமிருந்து. அதை மலைமேலே ஏற்றக் கம்பிவடப் பாதை, பிறகு காட்டு வழி, ஆற்று வழி. சுண்ணாம்பும் செங்கல்தூளும் கலந்த சுர்க்கிக் காரை. சிமெண்ட் லாரி எதுவும் வராது. பள்ளத்தாக்கிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்கள், மெட்ராஸ் பயனீர்ஸ் படையின் சிப்பாய்கள், கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுகீசியத் தச்சர்கள். தச்சர்கள் எதற்கு? ஆற்றை ஒதுக்கிவிட்டு அஸ்திவாரம் போடத் தற்காலிகத் தடுப்புகள் கட்ட வேண்டும். அந்தத் தடுப்புகளைத்தான் வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. நம்ம கதையில் வருகிற ‘வெள்ளம்’ உண்மை. ஒருமுறை அல்ல, பலமுறை உண்மை.

அப்புறம் காய்ச்சல். மலேரியா கொசுவால் பரவுகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897இல், அதாவது அணை முடிந்து இரண்டு வருஷம் கழித்து. அந்தக் காட்டில் எட்டு வருஷம் வேலை பார்த்த யாருக்கும், டாக்டர் உட்பட, தங்களைக் கொல்வது எது என்றே தெரியாது. காய்ச்சல் உச்சத்துக்குப் போகும் கோடையில் வேலையை நிறுத்தி ஆட்களைக் கீழே இறக்கினார்கள். பிறகு மறுபடி ஏறினார்கள். அப்படி இருந்தும் நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கணக்கு. அணைக்கு வடக்கே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

483. இந்த எண்ணை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மீடியம் சைஸ் கம்பெனியின் மொத்த ஹெட்கவுண்ட். இவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் எந்த பஸ் ஸ்டாண்டிலும் இல்லை, எந்தப் பொங்கலிலும் சொல்லப்படுவதில்லை. பென்னிகுவிக் நகையை விற்றார் என்ற கதையில், அணைக்காகக் கொடுக்கப்பட்ட விலை ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலி. நிஜத்தில் கொடுக்கப்பட்ட விலை வேறு. கதை பொய் என்பதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அது விலையை மாற்றிச் சொல்கிறது, யார் கொடுத்தார்கள் என்பதையும் மாற்றிச் சொல்கிறது. அங்கேதான் எனக்குச் சண்டை.

சரி, ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்கிறார்கள்? கார்லைலுக்கு நூறு வருஷம் கழித்து, 1948இல், ரால்ஃப் ஸ்டாக்டில் என்ற அமெரிக்க உளவியலாளர் அதுவரை வந்த தலைமைப் பண்பு ஆய்வுகளை எல்லாம் மொத்தமாக அலசினார். தலைவனுக்கு இருந்தே தீர வேண்டிய குணங்கள் என்று எல்லா இடத்துக்கும் பொருந்துகிற பட்டியல் எதுவும் தேறவில்லை. ஒரு சூழ்நிலையில் தலைவனாக ஜொலிக்கிறவர் இன்னொரு சூழ்நிலையில் சாதாரண ஆள். அதன்பின் ஃபீட்லர், பர்ன்ஸ் என்று கோட்பாடுகள் வரிசையாக வந்தன. எம்பிஏ படிச்ச நண்பர் யாராவது இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுக்கோங்க.

எனக்கு முக்கியமானது 1985இல் ஜேம்ஸ் மைண்டலும் அவருடைய சகாக்களும் எழுதிய ஒரு கட்டுரை. தலைமையின் மீது நமக்கு இருக்கும் காதல்தான் அதன் பொருள். ஒரு நிறுவனம் ரொம்ப நன்றாகவோ ரொம்ப மோசமாகவோ போகும்போது, காரணங்கள் பத்து இருந்தாலும், நாம் தலைவரைத்தான் காரணமாகப் பார்க்கிறோம். சிக்கலான ஒன்றைப் புரிந்துகொண்ட நிம்மதி கிடைக்கிறது. ஐபிஎல்லில் ஜெயித்தால் கேப்டன், தோற்றாலும் கேப்டன். பவுலிங் கோச் பேர் சொல்லுங்க பார்ப்போம்.

பெரியாறு இதற்கு அச்சு அசலான உதாரணம். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்த பிறகு, ஏறத்தாழ 5,700 அடிச் சுரங்கம் வழியாக மலையைத் தாண்டித் தண்ணீர் இறங்கி, வைரவனாறு, சுருளியாறு, வைகை என்று ஓடியது. மேற்குக் கடலுக்குப் போக வேண்டிய ஆறு கிழக்கே திரும்பியது. விளைவு அவ்வளவு பெரிது. அவ்வளவு பெரிய விளைவுக்குப் பொதுப்பணித்துறை என்ற பதிலை எந்த மனசும் ஏற்காது.

இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், ரிலீஸுக்கு முன்னால் மூன்று வாரம் சனி ஞாயிறு லீவு கிடையாது என்று அறிவிக்கிற மீட்டிங்கில், மேலதிகாரி இந்தப் பென்னிகுவிக் கதையைத்தான் சொன்னார். அவர் சொத்தையே விற்றார், நீங்கள் இரண்டு வீக்கெண்டைத் தர மாட்டீர்களா என்று. எல்லாரும் கை தட்டினோம். ஊர்க்காரங்க நன்றியில் சொல்கிற கதை அந்த ரூமுக்குள் வந்ததும் கடன் வசூலிக்கிற கதையாக மாறிவிட்டது. ஊரில் தியாகம் செய்தவர் தலைவர். இங்கே தியாகம் செய்ய வேண்டியவர்கள் நாங்கள்.

மேலாண்மை உலகில் ‘சேவகத் தலைமை’ என்று ஒரு கருத்து உண்டு. ஏடி அண்ட் டி டெலிபோன் கம்பெனியில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ராபர்ட் கிரீன்லீஃப் 1970இல் எழுதியது. தலைவன் முதலில் சேவகன். அவனுக்குக் கீழே இருப்பவர்கள் வளர்கிறார்களா, நலமாக இருக்கிறார்களா என்பதுதான் அளவுகோல். சொத்து விற்ற பென்னிகுவிக் இந்தக் கருத்துக்குப் போஸ்டர் மாதிரி பொருந்துகிறார். ஆனால் கிரீன்லீஃப் வைத்த அளவுகோலை நிஜமாகவே எடுத்து அந்த முகாமில் வைத்தால், கேட்க வேண்டிய கேள்வி நகையைப் பற்றி அல்ல. மழையிலும் காய்ச்சலிலும் கிடந்தவனுக்கு என்ன கிடைத்தது? கோடையில் ஆளைக் கீழே இறக்கியது ஒரு நல்ல பதில். 483 அதற்கு எதிர்ப்பக்கம். இரண்டையும் ஒரே மனிதரின் கணக்கில் எழுதத்தான் வேண்டும். அவர் காலனி அரசின் அதிகாரி, நில வரியும் தண்ணீர்த் தீர்வையும் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த அரசு பணம் போட்டது என்பதையும் சேர்த்து.

அப்போ பென்னிகுவிக்கிடம் பாராட்ட என்ன மிச்சம்? நிறைய. வேண்டாம் என்று இரண்டு தலைமுறை சொன்ன ஒன்றை எண்களால் வாதாடி மீட்டார். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அதே இடத்துக்கு ஆட்களோடு திரும்பிப் போனார். முடிந்த பிறகு, என்ன செய்தோம் என்பதை லண்டன் சிவில் இன்ஜினியர்கள் கழகத்தில் கட்டுரையாக வைத்தார். அதற்கு 1897இல் டெல்ஃபோர்ட் பதக்கம். இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் இன்ஜினியரிங் கல்லூரிக்குத் தலைவராகவும் இருந்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைப் பற்றி ஆலோசனை சொல்லக் கூப்பிட்டார்கள். 1911இல் காலமானார். சொத்து விற்ற ஏழை என்று யாரும் எழுதவில்லை.

மதுரையில் 2021இல் நடந்தது ஞாபகம் இருக்கலாம். நத்தம் ரோட்டில் நூலகம் கட்ட ஒரு பழைய பொதுப்பணித்துறைக் கட்டடத்தை எடுக்கப்போய், அது பென்னிகுவிக் வாழ்ந்த வீடு என்று பெரிய சர்ச்சை. அவர் இறந்த பிறகுதான் அந்தக் கட்டடமே வந்தது என்று அரசு பதில் சொன்னது. அடுத்த வருஷமே இங்கிலாந்தில் கேம்பர்லியில் தமிழக அரசு அவருக்குச் சிலை வைத்தது. தலைவர் மறைந்த பின் அவருடைய ஈர்ப்பு எங்கே போகும் என்று மாக்ஸ் வெபர் யோசித்திருக்கிறார். அது மெல்ல மெல்லப் பதவிக்குள்ளும் சடங்குக்குள்ளும் போய்ச் சேரும் என்பது அவர் கணிப்பு. சிலை, மணிமண்டபம், பொங்கல், சட்டசபைச் சண்டை. வெபர் தேனிப் பக்கம் வந்திருந்தால் ஒரு அத்தியாயம் கூடுதலாக எழுதியிருப்பார்.

பள்ளத்தாக்குக்காரர்களை நான் கேலி செய்யவில்லை. 2011 டிசம்பரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அணை உடையும், உடைத்துப் புது அணை கட்ட வேண்டும் என்று அந்தப் பக்கம் குரல் உயர்ந்தபோது, எந்தக் கட்சியும் முன்னால் நிற்காமல் கிராமம் கிராமமாக ஜனம் கிளம்பிக் குமுளியை நோக்கி நடந்தது. தடை உத்தரவு போட்டும் நடந்தது. அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் யார் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், அணைக்குக் கீழே தூங்குகிற இடுக்கி மாவட்டத்துக் குடும்பங்களின் பயமும் நிஜமானதுதான். நூறு வருஷம் தாண்டிய சுண்ணாம்புக் கட்டுமானத்தின் கீழே நாம் வீடு கட்டியிருந்தால் நமக்கும் இருக்கும். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றும், மேற்பார்வைக்கு ஒரு குழு வேண்டும் என்றும் சொன்னது. ஒரு ஹீரோவும் ஒரு துரோகியும் இருக்கிற இரண்டு கதைகளோடு உட்கார்ந்தால் இந்தப் பேச்சு நகராது. இரண்டு பக்கமும் இன்ஜினியர்கள், அளவுகள், கசிவு நீர்க் கணக்கு, மழைக் கணக்கு என்றுதான் கொஞ்சமாவது நகர்கிறது.

இன்றைக்கும் கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. அணையில் தண்ணீர் இருந்தால் முதல் போகத்துக்கு ஜூன் முதல் தேதி திறப்பது வழக்கம். அமைச்சரோ கலெக்டரோ பூத்தூவுவார்கள், அந்தப் படம் மறுநாள் பேப்பரில் வரும். போட்டோ எடுத்தவர்கள் கிளம்பிய பிறகு 120 நாள் வேலை ஆரம்பிக்கும். எந்த வாய்க்காலுக்கு எத்தனை கன அடி என்று பிரிக்கிற பிரிவு அலுவலர், நட்டநடு ராத்திரியில் ஷட்டர் பக்கம் போய்ப் பார்க்கிற லஸ்கர், கடைமடைக்கு வரவில்லையே என்று சண்டைக்கு வருகிற விவசாயி, சங்கத்து ஆட்கள். அடுத்த எபிசோடில் அந்த லஸ்கர் ஒருவரோடு உட்கார்ந்து பேசப்போகிறோம். ஒரே கண்டிஷன் போட்டிருக்கிறார்: ராத்திரி முறைத் தண்ணீர் முடிந்து காலையில்தான் போன் பண்ணணுமாம்.